உமிக்கரி பழகிய கையும் பெர்ஸ்பெக்ஸ் தொட்டியும்

கிணறு இறைத்துக் கழுவும் நாளில் வன்னியில் எவரும் பாசிக்குத் தயவு காட்டுவதில்லை. தண்ணீரை அடிவரை இறைத்து, உள்ளே இறங்கி, தும்பால் உரஞ்சி, குளோரின் போட்டு, ஊற்று மறுபடி தெளியும்வரை காத்திருப்பார்கள். சீமெந்துத் தொட்டிக்கும் அதே வைத்தியம். பித்தளைக் குடத்துக்குப் புளி, கரி பிடித்த சட்டிக்குச் சாம்பல், ஒருகாலத்தில் பல்லுக்குக்கூட உமிக்கரி. அழுக்கைக் கண்டால் அழுத்தித் தேய்ப்பது தலைமுறைகளாகக் கைக்கு வந்த பழக்கம். அதே கை, விறாந்தை மேசையில் இருக்கும் சிறிய பெர்ஸ்பெக்ஸ் மீன் தொட்டியின் பச்சைப் படலத்தை எடுக்கப் போகும்போது சிக்கல் தொடங்குகிறது. பாசி பத்து நிமிடத்தில் போய்விடும். அது போன இடத்தில் சிலந்தி நூல் பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள் தெரியும். அவை போகா.

கண்ணாடித் தொட்டி வளர்த்தவர்களுக்கு இது இன்னும் பெரிய அதிர்ச்சி. கண்ணாடியில் சவர பிளேட்டைச் சாய்த்து வைத்துச் சுரண்டலாம், கரடான ஸ்பொஞ்சால் தேய்க்கலாம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பெர்ஸ்பெக்ஸில் அதே பிளேட் ஒரே இழுப்பில் தடம் பதித்துவிடும். ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது பாசியைப் பற்றியல்ல, சுவரைப் பற்றி.

இலங்கையில் பெர்ஸ்பெக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் பொருள் அக்ரிலிக். வேதியியல் பெயர் பொலிமீதைல் மீதாக்ரிலேற். பெர்ஸ்பெக்ஸ் என்பது பிரித்தானிய ஐ.சி.ஐ. நிறுவனம் வைத்த வணிகப் பெயர். ஜெர்மனியில் ஒட்டோ ரோமின் நிறுவனம் 1933இல் இதே பொருளுக்கு பிளெக்ஸிகிளாஸ் என்று பெயரிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஸ்பிற்ஃபயர் விமானங்களின் மூடிகள் இதனால் ஆனவை. ஒரு கன சென்ரிமீற்றர் கண்ணாடி ஏறத்தாழ 2.5 கிராம் இருக்கும். அதே அளவு அக்ரிலிக் 1.2 கிராமுக்கும் சற்றுக் குறைவு. தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 92 சதவீதத்தை உள்ளே விடும். கண்ணாடியைப்போல நொறுங்காது. கொழும்பில் வாங்கிய தொட்டியை ஏ9 வீதி நெடுக மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரலாம். ஒரு குலுக்கலில் வெடித்துவிடுமோ என்று நெஞ்சு பதற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சந்தையில் மிக மலிவாக விற்கும் சின்னஞ்சிறு தெளிந்த பெட்டிகள் எல்லாமே அக்ரிலிக் அல்ல. சில பொலிஸ்டைரீன். அவை இன்னும் எளிதில் கீறும், இன்னும் எளிதில் வெடிக்கும். அக்ரிலிக்குக்குச் சொல்லும் கவனம் எல்லாம் அவற்றுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

இந்தப் பொருளுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. போரில் விமான மூடி சிதறிக் கண்ணுக்குள் பெர்ஸ்பெக்ஸ் துண்டுகள் போன விமானிகளைச் சோதித்த ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர், அந்தத் துண்டுகளைக் கண் பகைக்காமல் ஏற்றுக்கொண்டிருப்பதைக் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் சென் தோமஸ் மருத்துவமனையில் கண்புரை எடுத்த கண்ணொன்றுக்குள் அதே பொருளில் செய்த வில்லையை வைத்தார். கண்புரைச் சிகிச்சையின் வரலாறு அங்கே திரும்பியது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளையாகத் தொடங்கிய ஒரோலாப் இந்த வில்லையை ஏழைகளுக்கு எட்டும் விலையில் செய்யத் தொடங்கியது. பாட்டனாரின் கண்ணுக்குள் இருக்கும் வில்லையும் பேரப்பிள்ளையின் மீன் தொட்டியும் ஒரே குடும்பத்துப் பொருள்களாக இருக்கலாம். கண்ணுக்குள் அது பல பத்தாண்டுகள் கீறலே இல்லாமல் தெளிவாக இருக்கிறது. ஏனென்றால் அங்கே மணல் போவதில்லை.

முழுச் சிக்கலும் அந்த ஒரு சொல்லில் அடங்கும்: மணல்.

பொருள்களின் கடினத்தை ஒன்றால் மற்றதைக் கீறிப் பார்த்து வரிசைப்படுத்தும் முறையை 1812இல் ஃபிரெட்ரிக் மோஸ் வகுத்தார். அந்த அளவுகோலில் ரல்க் 1, வைரம் 10. கைநகம் சுமார் 2.5. சுண்ணக்கல்லின் கல்சைற் 3. சாதாரணக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. மணலின் முக்கிய கனிமமான குவார்ட்ஸ் 7. அக்ரிலிக் நகத்துக்குப் பக்கத்தில், 2க்கும் 3க்கும் இடையில் நிற்கிறது. பாசி எவ்வளவு பிடிவாதமாக ஒட்டியிருந்தாலும் மென்மையான உயிர்ப்பொருள். துணியும் பஞ்சும் அக்ரிலிக்கைவிட மென்மை. இவற்றில் எதுவும் தானாகக் கீறாது. துணிக்கும் சுவருக்கும் இடையில் அகப்பட்ட ஒரேயொரு மணற்பருக்கை கீறும். அது தொட்டி முழுவதும் துணியோடு பயணம் செய்து, போன வழியெல்லாம் எழுதிவைக்கும்.

வன்னியில் அந்தப் பருக்கை வருவதற்கு வழிகள் ஏராளம். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் றோட்டிலிருந்து எழும் செம்புழுதி மேசை, கட்டில், சோற்றுச் சட்டி எதையும் விடாது. அக்ரிலிக் உலர்ந்த துணியால் துடைக்கும்போது நிலைமின் ஏற்று, அந்தப் புழுதியைத் தானே இழுத்து மேலே பூசிக்கொள்ளும். தொட்டியின் வெளிப்புறத்தில் காணும் கீறல்களில் பெரும்பகுதி இப்படிப் புழுதியை உலர்ந்த துணியால் ‘தட்டிவிட்டதில்’ வந்தவை. தண்ணீரைத் தெளித்துப் புழுதியைக் கழுவி இறக்கிய பின்னரே துணி சுவரைத் தொடவேண்டும். வெளிப்புறத்துக்கு வேறு சூத்திரமே தேவையில்லை.

தொட்டியின் அடியில் பரப்பும் மணல் இரண்டாவது வழி. முல்லைத்தீவுக் கரையில் அள்ளிய மணலை அலசிப் போட்டுவிடுவோர் உண்டு. அந்தக் கரை வெறும் குவார்ட்ஸ் மணல் அல்ல. புல்மோட்டையிலிருந்து வடக்கே கொக்கிளாய் வரை நீளும் கனிம மணலில் இல்மனைற், ரூற்றைல், சேர்க்கோன் எல்லாம் கலந்திருக்கின்றன. சேர்க்கோனின் கடினம் 7.5. கண்ணாடியையே கீறக்கூடிய பொருள் அது. பெர்ஸ்பெக்ஸ் தொட்டிக்கு அந்த மணல் பகை. குளத்தோரத்துக் குறுமணலும் பெரிய வித்தியாசம் இல்லை. மழுங்கிய, பெரிய கூழாங்கற்கள் போட்டால் பருக்கை எழும்பித் துணியில் ஏறும் வாய்ப்புக் குறையும். தேவையில்லாவிட்டால் அடியை வெறுமையாக விட்டுச் சட்டியில் செடி வைப்பதே அக்ரிலிக்குக்கு நல்லது.

மூன்றாவது வழி அடுப்படியில் இருக்கிறது. நெல் தன் உமியில் மண்ணிலிருந்து எடுத்த சிலிக்காவைச் சேர்த்துவைக்கும் பயிர். உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்குச் சிலிக்கா இருக்கும். உமிக்கரி சட்டியை விளக்குவதும் பல்லைத் தேய்ப்பதும் அதனால்தான். பாத்திரம் விளக்கிய தும்பை எடுத்து ‘இது சும்மா தேங்காய்த் தும்புதானே’ என்று தொட்டிக்குள் விட்டால், உண்மையில் உள்ளே போவது கண்ணாடித் தூள் பூசிய தும்பு. மீன் தொட்டிக்கென்று ஒரு துணி, ஒரு வாளி, ஒரு குழாய் தனியாக இருக்கவேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வதற்குச் சவர்க்காரம் மட்டும் காரணமல்ல.

இனி வருவது வியப்பானது. பாசியே சில வேளைகளில் கண்ணாடி சுமந்து வருகிறது. புதிதாக அமைத்த தொட்டியில் முதல் சில வாரங்களில் சுவரெல்லாம் ஒரு கபில நிறப் படலம் படியும். விரல் வைத்தால் தூள்போல விலகும். அது டயற்றம் என்னும் நுண்பாசி. ஒவ்வொரு செல்லும் தன்னைச் சுற்றிச் சிலிக்காவால் ஒரு சிறு பேழை கட்டிக்கொள்ளும். கோடிக்கணக்கான ஆண்டுகள் இறந்து படிந்த அந்தப் பேழைகளின் மண்ணை மனிதர் வெட்டியெடுத்து வடிகட்டியாகவும் மெருகுத் தூளாகவும் பயன்படுத்துகிறார்கள். அல்பிரட் நோபல் 1867இல் டைனமைற்றுக்காக நைற்றோகிளிசரினை ஊறவைத்ததும் அந்த மண்ணில்தான். தொட்டியில் படியும் மெல்லிய டயற்றம் படலம் பயப்படும் அளவுக்குக் கீறாது. ஆனால் அதை அழுத்தித் தேய்க்க ஒரு தேவையும் இல்லை. மென்துணியால் மேலிருந்து கீழாக ஒருமுறை வருடினாலே வந்துவிடும். புதுத் தொட்டியில் தானாகவே சில வாரங்களில் குறைந்தும் போகும்.

பச்சைப் புள்ளிப் பாசி வேறு சாதி. வட்ட வட்டமாகச் சுவரோடு சுவராக ஒட்டி, நாளாக நாளாக இறுகும். அக்ரிலிக் தொட்டியின் கீறல்கள் அநேகமாக இதோடு மல்லுக்கட்டியதில் வருபவை. ஒரு வாரப் புள்ளியைத் துணி எடுக்கும். இரண்டு மாதப் புள்ளி சுரண்டியைக் கேட்கும். நூல் பாசியைக் கையாலேயே சுற்றி எடுக்கலாம். வழுக்கலாகத் தாள்தாளாக உரிந்து நாற்றமடிக்கும் கரும்பச்சைப் படலம் பாசியே அல்ல, நீலப்பச்சை நுண்ணுயிர். அதைத் தேய்ப்பதைவிடத் தண்ணீரோடு உறிஞ்சி வெளியே எடுப்பது நல்லது.

கருவிகளைப் பற்றி வளர்ப்போரிடையே ஓயாத வாதம் உண்டு. பழைய பருத்தித் துணியை எல்லோரும் ஏற்கிறார்கள்: பலமுறை துவைத்து நைந்துபோன வேட்டித் துண்டு, குழந்தையின் பழைய நப்கின். தையலும் பொத்தானும் இல்லாத துண்டாக இருக்கவேண்டும். சவர்க்காரத் தூள் மணமே இல்லாமல் அலசியிருக்கவேண்டும். அதற்கு அடுத்தது பிளாஸ்ரிக் அட்டை. காலாவதியான வங்கி அட்டை பி.வி.சி.யால் ஆனது, அது அக்ரிலிக்கைவிடச் சற்று மென்மை. இறுகிய புள்ளிப் பாசியின்மேல் அதன் விளிம்பைச் சாய்த்துத் தள்ளினால் புள்ளி பெயரும், சுவர் தப்பும். விளிம்பு தேய்ந்து பிசிறு விட்டதும் வெட்டிப் புது விளிம்பு எடுத்துக்கொள்ளலாம். சுரண்டிகள் விற்கும் கடைகளில் இதற்கென்றே வரும் அக்ரிலிக் பிளேட்டுகளைவிட இந்த அட்டை எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

காந்தத் துடைப்பானை நம்புவோரும் இருக்கிறார்கள், வெறுப்போரும் இருக்கிறார்கள். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. வெளியே இழுத்தால் உள்ளிருப்பது கூடவே வரும். கை நனையாது. அக்ரிலிக்குக்கென்று மென்பட்டை ஒட்டி விற்பதை வாங்கினால் பட்டை கீறாது என்பது உண்மை. ஆனால் காந்தம் சுவரை இடைவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மணலுக்கு அருகே போய் ஒரு பருக்கையை அள்ளிக்கொண்டால், அந்தப் பருக்கையையும் அதே இறுக்கத்தோடு அழுத்தி இழுத்துச்செல்லும். கையில் உணர்வு வராததால் இழுப்பவருக்குத் தெரியாது. துணியோடு விரல் இருக்கும்போது ஒரு கரகரப்பு விரலுக்கு உடனே சொல்லிவிடும். இந்த வாதத்தில் விரலின் பக்கம் நிற்பதே சரி. காந்தம் வைத்திருப்போர் மணலுக்கு மேலே நான்கு விரல் இடைவெளி விட்டு, வேலை முடிந்ததும் தொட்டிக்குள் விடாமல் வெளியே எடுத்து அலசி வைக்கவேண்டும். அந்த நான்கு விரல் பகுதிக்குத் துணியே போதும்.

வெள்ளை நிறத்தில் வரும் மெலமைன் ஸ்பொஞ் பற்றி நேர்ச்சொல் வேண்டும். தொடுவதற்குப் பஞ்சாக இருக்கும். அதன் நுண்ணிழைகள் கடினமானவை. அது அழுக்கை எடுப்பதே மிக நுண்ணிய அரத்தாள்போல உரசித்தான். சிலர் பெர்ஸ்பெக்ஸில் ஆண்டுக்கணக்காக எந்தத் தடமும் இல்லாமல் பயன்படுத்துகிறார்கள் என்பதும் மெய். இருந்தாலும் பளபளப்பான புதுச் சுவரில் அழுத்தித் தேய்த்தால் மங்கல் படரும். பாத்திரம் கழுவும் பச்சைப் பட்டை, இரும்புப் பஞ்சு, பழைய பற்தூரிகை மூன்றும் தொட்டிக்கு அருகிலேயே வரக்கூடாது.

தண்ணீர்க் கோட்டில் படியும் வெள்ளை உப்பு வன்னிக்காரருக்குத் தனிப் பாடம். கிணற்று நீரும் குழாய்க்கிணற்று நீரும் பல இடங்களில் கடினநீர். கேத்தலின் அடியில் படியும் அதே கல் தொட்டியின் மேல்விளிம்பில், தண்ணீர் ஆவியாகி இறங்கிய தடத்தில் வளையமாகக் கட்டும். அந்த வளையத்தின்மேல் பாசி ஏறினால் இரண்டும் சேர்ந்து கெட்டியாகும். அதைத் தேய்த்து எடுக்க நினைப்பது பெரும் பிழை. அது கல்சியம் காபனேற்று, கடினம் 3, உடைந்து துகளாகும்போது அதுவே கீறும். கரைத்தே எடுக்கவேண்டும். தண்ணீரை இரண்டு அங்குலம் இறக்கி, வினாகிரியில் பாதி தண்ணீர் கலந்து, அல்லது தேசிக்காய்ச் சாற்றில் துணியை நனைத்து, வளையத்தின்மேல் பதினைந்து நிமிடம் ஒட்டிவிட்டால் நுரைத்து இளகும். பிறகு ஈரத் துணியால் துடைத்து, சாறு தண்ணீருக்குள் வடியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வீட்டு வினாகிரியில் அசற்றிக் அமிலம் 5 சதவீத அளவே இருக்கும். அது அக்ரிலிக்கைத் தொடாது. செறிந்த அமிலம் தொடும்.

வளையமே கட்டாமல் இருக்க ஒரு வழியும் உண்டு. சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியாப் பக்கக் கிராமங்களில் வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர் எடுக்கும் நிலையங்கள் வந்துவிட்டன. ஆவியாகிக் குறைந்த தண்ணீருக்கு ஈடாகக் கிணற்று நீரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் உப்பும் கூடும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே. அந்த ஈட்டை ஆர்.ஓ. நீரால் அல்லது மாரியில் பிடித்து வைத்த மழைநீரால் செய்தால் உப்பு கூடாது. தொட்டி முழுவதையும் ஆர்.ஓ. நீரால் நிரப்பிவிடக்கூடாது; மீனுக்கும் கொஞ்சம் கனிமம் வேண்டும். குழாய்நீர் என்றால் குளோரின் போகும்வரை வாளியில் ஒரு நாள் வைத்திருக்கவேண்டும்.

கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம் தொட்டியின் அருகே வரக்கூடாது. அதில் அமோனியாவோ அற்ககோலோ இருக்கும். அக்ரிலிக் தகடு எப்போதும் ஓரளவு இழுவிசையில் நிற்கிறது; தண்ணீரின் பாரம் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் அற்ககோல், அசற்றோன், தின்னர் பட்டால் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வலையாகப் படரும். அவை கீறலைவிடக் கொடியவை. மெருகால் போக்க முடியாது, ஏனென்றால் அவை மேற்பரப்போடு நிற்பதில்லை. கைகளுக்கு இடும் கிருமிநீக்கி ஜெல்லும் அற்ககோலே. அதைப் பூசிய கையோடு தொட்டியைப் பிடிப்பதையும் தவிர்க்கவேண்டும். கொதிநீரும் ஆகாது. 105 பாகை செல்சியஸ் அளவில் இளகும் பொருள் அது. அதற்குக் குறைந்த சூட்டிலேயே வளையவும் பொருத்துகளில் விசை ஏறவும் தொடங்கும்.

துப்புரவு செய்யத் தொட்டியை முழுதாகக் காலிசெய்து முற்றத்து வெயிலில் காயப்போடுவோருக்கு இன்னொரு எச்சரிக்கை. அக்ரிலிக் தண்ணீர் குடிக்கும் பொருள். நீண்ட காலம் நீரில் நின்ற தகடு தன் எடையில் 2 சதவீதம் வரை நீரை உறிஞ்சி மிக நுண்ணிய அளவில் பருத்திருக்கும். ஒரு பக்கம் சட்டென்று காய்ந்தால் அந்தப் பக்கம் சுருங்கும். உள்ளே விசை ஏறும். பெர்லினில் 2022 டிசம்பர் 16 அதிகாலை வெடித்த அக்குவாடோம் இந்தக் கவலையை உலகத்துக்குச் சொன்னது. ஒரு ஹோட்டல் முற்றத்தின் நடுவே ஏறத்தாழ 10 இலட்சம் லீற்றர் நீரும் சுமார் 1,500 மீன்களும் கொண்ட உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி அது. சில கணங்களில் முழுவதும் தெருவுக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வெளிவந்த நிபுணர் அறிக்கை காரணத்தை உறுதியாகச் சொல்லவில்லை. மூன்று சாத்தியங்களை முன்வைத்தது. பசை ஒட்டு தளர்ந்தது ஒன்று. புதுப்பிப்பு வேலையின்போது அடிப்பகுதியில் ஏற்பட்ட ஒரு சிறு வடு இரண்டாவது. தொட்டி காலியாக நின்ற காலம் நீண்டு அக்ரிலிக் உலர்ந்துபோனது மூன்றாவது. மேசைமேல் இருக்கும் இருபது லீற்றர் பெட்டி அப்படி வெடிக்கப்போவதில்லை. ஆயினும் வடுவும் உலர்வும் இந்தப் பொருளுக்கு என்ன செய்யும் என்பது அங்கே தெரிந்தது. கழுவ எடுத்த தொட்டியை நிழலில் வைத்து, அன்றே நிரப்பிவிடுவது நல்லது.

கீறல் விழுந்துவிட்டால்? முதலில், அது எந்தப் பக்கத்தில் என்று பார்க்கவேண்டும். ஒளி காற்றிலிருந்து அக்ரிலிக்குக்குள் போகும்போது நன்றாக வளைகிறது. தண்ணீரிலிருந்து போகும்போது மிகச் சிறிதே வளைகிறது. காற்றின் ஒளிமுறிவு எண் 1, தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49. அதனால் காற்றுப் பக்கத்தில் 100க்கு ஏறத்தாழ 4 பங்கு ஒளி பிரதிபலிக்கும் இடத்தில், தண்ணீர்ப் பக்கத்தில் அது அரைப் பங்குகூட இல்லை. உட்புறத்து மெல்லிய கீறலுக்குள் தண்ணீர் நிரம்பியதும் அது கண்ணுக்குப் பாதி மறைந்துவிடும். காலியான தொட்டியைப் பார்த்து மனம் நொந்தவர்கள் தண்ணீர் ஊற்றியதும் ‘கீறல் எங்கே’ என்று தேடுவது இதனால். ஆனால் அந்தப் பள்ளத்தில் பாசி வேர்கொண்டால் ஆட்டம் மாறும். வழுவழுப்பான சுவரைவிடக் கீறலில் அது எளிதாகப் பிடிக்கும். வெள்ளைக் கோடு பச்சைக் கோடாகும். பச்சையை எடுக்க மேலும் அழுத்தித் தேய்ப்பார்கள், மேலும் கீறும். இந்தச் சுழலுக்குள் போகாமல் இருப்பதே துப்புரவின் உயிர்.

வெளிப்புறத்து மெல்லிய கீறலுக்குப் பிளாஸ்ரிக் மெருகுப் பசை போதும். மிக மெல்லியதற்குச் சாதாரண வெள்ளைப் பற்பசையும் மென்துணியும்கூட உதவும், ஏனெனில் பற்பசையே ஒரு மென்மையான மெருகுப்பொருள். நகம் தட்டுப்படும் அளவு ஆழமானது என்றால் தண்ணீர் அரத்தாள் வேண்டும். 800இல் தொடங்கி 1,200, 2,000, 3,000 என்று மேலும் மேலும் நுணுக்கமான தாளுக்குப் போய், ஒவ்வொரு தாளையும் முந்திய தாளின் திசைக்குக் குறுக்கே ஓட்டி, கடைசியில் மெருகுப் பசை. ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் அந்தப் படியின் கீறல் அப்படியே நின்றுவிடும். மெருகு மெசினை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறும், சூடு விசையாகும், விசை வெடிப்பாகும். கைவேலையே பாதுகாப்பு. உட்புறத்துக்கு இதைச் செய்வதென்றால் மீன்களை வேறிடத்துக்கு மாற்றி, பிறகு பலமுறை அலசவேண்டும். மெல்லிய கீறலுக்காக அவ்வளவு பாடுபடுவது வீண். அதை அப்படியே விடுவது மேல்.

பெரிய காட்சிச்சாலைகளில் இந்த வேலை ஒவ்வொரு நாளும் நடக்கிறது. ஜப்பானின் ஒக்கினாவாவில் 2002இல் திறந்த சுராவூமி காட்சிச்சாலையின் பெருஞ்சுவர் 22.5 மீற்றர் நீளம், 8.2 மீற்றர் உயரம், 60 சென்ரிமீற்றர் தடிப்பு. சென்னையில் 2019இல் திறந்த வி.ஜி.பி. கடல் காட்சிச்சாலையில் பார்வையாளர் நடந்துபோவதும் அக்ரிலிக் சுரங்கத்துக்குள்ளே. இப்படிப்பட்ட இடங்களில் சுழியோடிகள் மென்பட்டைகளோடு இறங்கிப் பாசி தடிக்கும் முன்பே துடைக்கிறார்கள். வீட்டுத் தொட்டிக்கும் அதே கணக்குத்தான்: வாரத்தில் இருமுறை வருடுகிற துணி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சுரண்டியைவிட எவ்வளவோ நல்லது.

பாசியே குறைவாக வந்தால் துணிக்கும் வேலை குறைவு. வன்னியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. 9 பாகை அகலாங்கில் ஆண்டு முழுவதும் பகல் கிட்டத்தட்ட 12 மணி நேரம். கிழக்கு யன்னலருகே, திறந்த விறாந்தையில் வைத்த தொட்டி பச்சையாகாமல் இருந்தால்தான் அதிசயம். நேர்வெயில் படாத மூலைக்கு மாற்றி, எல்.ஈ.டி. விளக்கை ஒரு நாளில் ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்தினாலே பாதி பிரச்சினை தீரும். மீதிப் பாதி தீனி. தின்னாமல் விழும் தீனியிலிருந்து நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் வரும். வயலுக்குப் பசளை எதுவோ பாசிக்கும் பசளை அதுவே. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றி, வேகமாக வளரும் நீர்ச்செடிகளை வைத்தால் அந்தப் பசளையைச் செடி எடுத்துக்கொள்ளும். எடுத்த செடிகளின் மிச்சத்தைக் குளத்தில் கொட்டக்கூடாது. ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909இலேயே சட்டம் போடவேண்டி வந்த நாடு இது. 1939இல் கொழும்புக்கு ஆய்வுக்காக வந்த சல்வீனியா வயலையும் குளத்தையும் மூடியது.

பாசியைத் தின்னும் உயிரை உள்ளே விடும் யோசனை மீன் தொட்டி அளவுக்கே பழையது. லண்டனில் 1850 வாக்கில் ரொபர்ட் வோரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு தங்கமீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் கண்ணாடித் தொட்டியில் வைத்தார். அழுகிய இலையும் பச்சைப் படலமும் பார்வையை மறைத்தபோது நீர்நத்தைகளை விட்டார், தொட்டி தெளிந்தது. இன்று நெரிற் நத்தைகளும் சிறு இறால்களும் ஒற்றோ என்னும் சின்னஞ்சிறு கெழுத்தியும் அதே வேலையைச் செய்கின்றன. அக்ரிலிக்குக்கு அவற்றால் பெரிய ஆபத்தில்லை. கடல்நீர்த் தொட்டி வைப்போர் மட்டும் கடல்முள்ளியைத் தவிர்க்கவேண்டும். பாறையையே சுரண்டித் தின்னும் அதன் பற்கள் பெர்ஸ்பெக்ஸில் நட்சத்திரக் கோடுகளைப் போட்டுவிடும். செப்பு கலந்த பாசிக்கொல்லி ஊற்றினால் நத்தையும் இறாலும் முதலில் சாகும்.

கடைகளில் ‘டாங்க் கிளீனர்’ என்று விற்கும் சக்கர் மீனைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. விரல் நீளத்தில் வாங்கும்போது அழகாகச் சுவரில் ஒட்டிப் பாசி மேயும். அது தென்னமெரிக்க ஆற்று மீன். ஒரு முழத்துக்கு வளரும். வளர வளரப் பாசியைவிட்டுத் தீனிக்கு மாறும், அதன் கழிவே பாசிக்குப் பசளையாகும், முள்ளு முள்ளான உடல் சிறிய பெர்ஸ்பெக்ஸ் பெட்டியில் உரசும். அந்த நேரத்தில்தான் வீட்டுக்காரர் மனமிரங்கி அதை அருகிலிருக்கும் குளத்தில் விடுகிறார்.

இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்ட வந்தேறு மீன்களில் சக்கரும் ஒன்று. 1950களில் கொண்டுவந்து விட்ட திலாப்பியா, வன்னியின் யப்பான் மீன், குளத்து மீனவருக்குச் சோறு போட்டது. சக்கருக்கு அந்தப் பயன் இல்லை. அதன் கவசமும் முள்ளும் வலையைக் கிழிக்கும். பிடித்தாலும் வாங்க ஆளில்லை. அதைவிடப் பெரிய கேடு ஒன்று இருக்கிறது. முட்டையிடும் காலத்தில் ஆண் மீன் கரையில் ஒரு மீற்றர் ஆழத்துக்கும் வளை தோண்டும். மெக்சிகோவிலும் புளோரிடாவிலும் அந்த வளைகளால் கரைகள் அரித்துச் சரிந்திருக்கின்றன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் எல்லாம் மண்ணால் எழுப்பிய கட்டுகளை நம்பி நிற்கும் குளங்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் வயல் அந்தக் கட்டுகளின் பின்னே இருக்கிறது. வளர்ந்துவிட்ட சக்கரை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கலாம், பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம். குளத்துக்கு, வாய்க்காலுக்கு, கோயில் கேணிக்கு அதைக் கொண்டுபோகக்கூடாது. சுவரில் ஒட்டிய பாசிக்கு நைந்த வேட்டித் துண்டு ஒன்று வீட்டிலேயே இருக்கிறது.